வயிறு நிறையத்தான் கொடுத்தேன்

முயலுக்குக் கடையில் தீவனம் வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். மூட்டையில் வரும் குச்சித் தீவனத்தை வாங்கிக் கொட்டிவிட்டு, முயல் வளர்ப்பு கட்டுப்படியாகவில்லை என்று மூக்கைச் சிந்துவார்கள். முயலுக்கு வேண்டியது புல். அதிலும் காய்ந்த புல். ஐந்தில் நான்கு பங்கு அதுதான். மிச்சம் ஒரு பங்குக்கு இலைதழை போதும்.

நீங்கள் கேட்டது இதையல்ல என்று தெரியும், இன்ஸ்பெக்டர் அம்மா. ஆனால் என் கையால் எழுதித் தருகிறேன் என்று சொன்னபோது, உங்கள் போக்கில் எழுதுங்கள் என்றீர்கள். தீவனத்தைச் சொல்லாமல் அண்ணனைப் பற்றிச் சொன்னால் உங்களுக்கு எதுவும் புரியாது.

கால்வாய் ஓரத்தில் புல் சும்மா கிடக்கிறது. பூ விடுவதற்கு முன்னால் அறுக்க வேண்டும். வெயிலில் போட்டால் நிறமும் சத்தும் போய்விடும், அதனால் தகரக் கூரைக்கு அடியில் நிழலில் பரப்பி, நாளுக்கு இரண்டு முறை புரட்டுவேன். பச்சை நிறம் மாறாமல், கையில் நொறுங்காமல், தேயிலை மாதிரி ஒரு வாசத்தோடு வந்தால் அது நல்ல உலர்புல். வைக்கோல் வேறு. வைக்கோல் வயிற்றை அடைக்கும், உடம்பில் ஒட்டாது. ஒரு தடவை நான்கு குட்டிகளுக்கு வைக்கோலை மட்டும் கொடுத்துப் பார்த்தேன். வயிறு மத்தளம் மாதிரி இருந்தது, முதுகெலும்பு சீப்பு மாதிரி இருந்தது. ஆறாவது வாரம் நான்கும் போய்விட்டன. அதற்குப் பிறகு வைக்கோலைப் படுக்கைக்கு மட்டும்தான் வைத்தேன்.

சந்தையில் கடை கட்டும் நேரத்துக்குப் போனால் கேரட் தழை, பூக்கோசு இலை, வதங்கிய கீரை எல்லாம் கோணி நிறையக் கிடைக்கும். சர்க்கரைவள்ளிக் கொடி கிடைத்தால் அதிர்ஷ்டம். முட்டைக்கோசின் வெளி இலையை மட்டும் நான் முயல்களுக்குப் போடுவதில்லை. வாயு சேர்ந்து வயிறு உப்பிவிடும். அதைத் தனியாக எடுத்து அடுப்படியில் வைத்துவிடுவேன்.

எங்கள் தெருத் தையல்காரரும் முயல் வைத்திருக்கிறார். ஒரு நாள் வேலி மேல் சாய்ந்துகொண்டு கேட்டார்.

"என்ன சார் போடறீங்க? நானும் அதே புல்லுதான் அறுக்கறேன். உங்க முயல் மட்டும் பட்டுத் துணி மாதிரி மின்னுது."

"புல்லுதான். காயவைக்கிற விதத்துல இருக்கு."

"மறைக்கறீங்க சார். குட்டி கூட ஒண்ணு விடாம பிழைக்குது. எங்கிட்ட பாதிதான் தேறுது."

மறைத்தேன் என்பது உண்மைதான். மற்றதையெல்லாம் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிக் கொடுத்தேன். ஒன்றைத்தான் சொல்லவில்லை.

நான் இருபத்தாறு வருஷம் ஒரு ஆலையில் எடைமேடையில் வேலை பார்த்தவன். லாரி ஏறும், முள் நகரும், நான் சீட்டு எழுதுவேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன் லாரி ஓட்டினார். என்னைவிட ஐந்து வயது பெரியவர், அண்ணி போய்ப் பல வருஷம் ஆகிறது. ஒரே மகள் வேலை நிமித்தம் வெகுதூரத்தில் இருக்கிறாள். வீட்டு மாடியில் அண்ணன், கீழே நான், பின்னால் முயல் கொட்டகை. ஓய்வு பெற்ற பிறகு அவருக்குச் சீட்டாட்டம், எனக்கு முயல். இருவரும் ஒருவர் வழியில் ஒருவர் குறுக்கிடாமல்தான் இருந்தோம்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் எனக்குக் குடலிறக்க அறுவை சிகிச்சை நடந்தது. மூன்று நாள் என்றார்கள், தையலில் சீழ் பிடித்து ஆறு நாளாகிவிட்டது. அப்போது கொட்டகையில் முப்பத்தெட்டு முயல்கள். போவதற்கு முன் ஓர் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி மாட்டினேன். காலையும் மாலையும் புல். தண்ணீர்ப் புட்டி காலியாகக் கூடாது. அவ்வளவுதான். படிக்கத் தெரிந்த யாரும் செய்யக்கூடிய வேலை. அண்ணன் தலையை ஆட்டினார்.

ஆஸ்பத்திரிக்கு வந்தபோது கேட்டேன். "எல்லாம் நல்லா தின்னுட்டு கிடக்குதுடா. நீ உன் உடம்பப் பாரு" என்றார். என் கட்டிலில் உட்கார்ந்து, எனக்கு வைத்திருந்த ஆரஞ்சை உரித்துத் தின்றுகொண்டே சொன்னார்.

முயல் ஒரு நாள் தின்னாவிட்டால் அதன் குடல் நின்றுவிடும். இது பலருக்குத் தெரியாது. பூனை தாங்கும், நாய் தாங்கும், முயல் தாங்காது. நான் திரும்பி வந்து கொட்டகைக் கதவைத் திறந்தேன். முப்பத்தெட்டும் போயிருந்தன. காது அறுந்த பெட்டை ஒன்று இருந்தது, என் குரல் கேட்டால் எழுந்து நிற்கும். அது கம்பிவலையைக் கடித்தபடியே விறைத்திருந்தது. முன்பல் இரண்டும் உடைந்திருந்தன. தண்ணீர்ப் புட்டிகள் எல்லாம் எலும்பு மாதிரி காய்ந்து கிடந்தன. அட்டை நான் மாட்டிய இடத்திலேயே இருந்தது.

அண்ணன் மாடிப்படியில் நின்றுகொண்டு சொன்னார்.

"மொத நாள் போட்டேன்டா. அப்புறம் பசங்க ஆட்டத்துக்குக் கூப்பிட்டாங்க, மறந்துட்டேன். இப்ப என்ன, முயல்தானே? ரெண்டு வாங்கி விடு, ஆறே மாசத்துல இருபது ஆகிடும்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் மண்வெட்டியை எடுத்தேன். குழி தோண்ட இரண்டு நாள் ஆயிற்று, தையல் மறுபடி பிரிந்தது. அதற்காக யாரும் என்னைக் கூப்பிட்டு வாக்குமூலம் வாங்கவில்லை. யாரும் அண்ணனை இப்படி நாற்காலியில் உட்காரவைத்துக் கேட்கவும் இல்லை. இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு முயல் வாங்கி விட்டேன். அவர் சொன்னது சரிதான், ஆறு மாதத்தில் இருபதுக்கு மேல் ஆகிவிட்டன.

போன வருஷம் அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. புத்திக்கு ஒன்றும் ஆகவில்லை, கேட்பதெல்லாம் புரிகிறது என்று டாக்டர் சொன்னார். கெட்டியாக எதுவும் விழுங்க முடியாது. ஒரு சத்து மாவின் பெயரை எழுதிக் கொடுத்து, பாலில் கரைத்து நாளுக்கு நான்கு வேளை கொடுங்கள் என்றார். அண்ணன் மகள் வந்து பத்து நாள் இருந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"சித்தப்பா, உங்கள விட்டா அப்பாவுக்கு யாரும் இல்ல. மாவு நான் மாசாமாசம் அனுப்பிடறேன். நீங்க வேளாவேளைக்குக் கொடுத்தா போதும்."

என் அறையை அவருக்குக் கொடுத்தேன். கட்டிலை ஜன்னல் ஓரம் போட்டேன். ஜன்னல் வழியே கொட்டகை நன்றாகத் தெரியும். நாள் முழுக்கச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தால் மனுஷனுக்குப் பைத்தியம் பிடித்துவிடும் அல்லவா?

முதல் மாதம் ஒழுங்காகத்தான் கொடுத்தேன். நம்பாவிட்டால் போங்கள். ஒரு நாள் காலையில் ஒரு பெட்டை ஒன்பது குட்டி போட்டிருந்தது. அத்தனைக்கும் பால் போதாது. நான் மாவு டப்பாவும் கையுமாக ஜன்னல் பக்கம் நின்றிருந்தேன். ஒரு கரண்டி எடுத்து, தவிட்டில் கலந்து அதற்கு வைத்தேன். வனிலா வாசம் அதற்குப் பிடித்துப்போயிற்று. நிமிர்ந்தபோது அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தொண்டையிலிருந்து ஏதோ சத்தம் வந்தது. எனக்கு அது சிரிப்பு மாதிரிக் கேட்டது.

ஒரே நாளில் நான் எதையும் மாற்றவில்லை. தீவனத்தை மாற்றும்போது கால்பங்கு, அரைப்பங்கு, முக்கால்பங்கு என்று படிப்படியாகத்தான் மாற்ற வேண்டும். எந்த உயிருக்கும் அதுதான் முறை. அண்ணனின் மாவைக் குறைத்த அளவுக்கு, முட்டைக்கோசு இலையை வேகவைத்து வடிகட்டிய தண்ணீரைச் சேர்த்தேன். உப்புப் போட்டேன். சூடு பதமாக இருக்கிறதா என்று புறங்கையில் விட்டுப் பார்ப்பேன். மூன்றாவது மாதம் மாவு முழுவதும் கொட்டகைக்குப் போயிற்று, கோசுத் தண்ணீர் முழுவதும் அண்ணனுக்குப் போயிற்று. நாளுக்கு நான்கு வேளை, வேளைக்கு இரண்டு குவளை. ஒரு வேளைகூடத் தவறியதில்லை. அண்ணனைப் பட்டினி போட்டதாக உங்கள் எழுத்தர் எழுதியிருக்கிறார். அதை அடித்துவிடச் சொல்லுங்கள். வயிறு நிறையத்தான் கொடுத்தேன்.

பதினைந்து நாளைக்கு ஒருமுறை நர்ஸ் வருவார். அன்றைக்கு மட்டும் மாவைப் பாலில் கெட்டியாகக் கரைத்து அவர் முன்னால் ஊட்டுவேன். அண்ணன் மூச்சு விடாமல் உறிஞ்சுவார். கரண்டியைப் பல்லால் பிடித்துக்கொண்டு விடமாட்டார்.

"நல்லா சாப்பிடறாரே. இப்படிப் பசி எடுக்கிறதே நல்லதுதான்" என்றார் நர்ஸ்.

"ஆனா இளைச்சுக்கிட்டே போறாரே, சிஸ்டர்" என்று நான்தான் கேட்டேன்.

"படுக்கையிலேயே இருந்தா அப்படித்தான். நீங்க பார்த்துக்கிற மாதிரி பெத்த பிள்ளைகூடப் பார்த்துக்காது."

அதை நான் மறுக்கவில்லை. உடம்பு துடைத்தேன், துணி மாற்றினேன், புண் வராமல் இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்கவைத்தேன். ஒருக்களித்துப் படுக்கவைக்கும்போது என் கட்டைவிரல் பழக்கத்தில் அவர் முதுகுத்தண்டு வழியாக ஓடும். முயலைத் தராசில் ஏற்ற வேண்டியதில்லை, விரலே சொல்லிவிடும். ஒவ்வொரு வாரமும் சொல்லிற்று. மகள் போனில் கூப்பிடுவாள், போனை அவர் காதில் வைப்பேன். "அப்பா, சாப்பிட்டீங்களா?" என்பாள். அவர் கண்ணில் நீர் வழியும். "உன் குரல் கேட்டா அப்படித்தாம்மா" என்று சொல்லி வைப்பேன்.

அவர் போனது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். ஆஸ்பத்திரியில் குளிர்ப்பெட்டியில் வைத்திருந்தார்கள். மறுநாள் மகள் வந்தாள். நான் சோர்ந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, "நீங்க இருங்க சித்தப்பா, முயலுக்கு நான் போடறேன்" என்று கொட்டகைக்குப் போனாள். நல்ல பெண். அவள் போகாமல் இருந்திருந்தால் இன்றைக்கு நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். தொட்டியில் காலையில் வைத்த தவிடு மிச்சமிருந்திருக்கிறது. குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். ஒரு பிடி எடுத்து முகர்ந்து பார்த்தாள். பிறகு உள்ளே வந்து, அலமாரியில் இருந்த காலி டப்பாக்களைப் பார்த்தாள்.

"சித்தப்பா, இத்தனை டப்பாவும் யாரு சாப்பிட்டா?"

நான் பதில் சொல்லவில்லை. பொய் சொல்லவும் இல்லை, அதைக் கவனியுங்கள். அவள் கையில் தவிடு ஒட்டியிருந்தது. அதைத் துடைக்காமலே உங்களிடம் வந்தாள்.

வருத்தமில்லையா என்று நேற்று கேட்டீர்கள். இல்லை. எடைமேடையில் இருந்தவன் நான், ஒரு தட்டில் முப்பத்தெட்டு உயிர், இன்னொரு தட்டில் ஒன்று. நியாயமாகப் பார்த்தால் இன்னும் எனக்குத்தான் பாக்கி வர வேண்டியிருக்கிறது. கோர்ட்டிலும் இதைத்தான் சொல்வேன். தலையைக் குனிந்து நிற்பேன் என்று என் வக்கீல் எதிர்பார்க்க வேண்டாம்.

எப்படி முடியும் என்று தெரிந்தே செய்தீர்களா என்றும் கேட்டீர்கள். தெரிந்தேதான் செய்தேன். ஆறு வாரம் என்று கணக்குப் போட்டிருந்தேன், மாவை முழுதாக நிறுத்திய பிறகு பதினொரு வாரம் தாங்கினார். லாரி ஓட்டிய உடம்பு.

நடந்தது அண்ணனுக்குத் தெரியுமா என்பதுதான் உங்கள் கடைசிக் கேள்வி. தெரியும். ஒவ்வொரு நாளும் ஜன்னல் எதிரில் நின்றுதான் டப்பாவைத் திறப்பேன். ஒளித்துச் செய்ய நான் திருடன் இல்லை. அவருக்கும் என்மேல் கோபம் கிடையாது. போவதற்கு முந்தின நாள் எங்களுக்குள் எல்லாம் தீர்ந்துவிட்டது. இதை யாரிடமும் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன். நான் தவிட்டில் மாவைக் கலந்துகொண்டிருந்தேன். ஜன்னல் கம்பியில் தட்டும் சத்தம் கேட்டது. அண்ணன் இடது கையைத் தூக்கியிருந்தார். அந்தக் கையைத் தூக்க அவருக்கு எவ்வளவு சிரமம் என்று எனக்குத் தெரியும். ஐந்து விரல்களையும் சேர்த்துக் குவித்து, உதட்டருகே கொண்டுபோனார். என்னைப் பார்த்தார். மறுபடி குவித்து, மறுபடி உதட்டருகே கொண்டுபோனார். ஏழெட்டுத் தடவை அப்படிச் செய்தார். இத்தனை வருஷத்துக்குப் பிறகு என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார் என்று புரிந்தபோது, எனக்கே கண் கலங்கிவிட்டது.

"போதும்ண்ணே, விடுங்க. நான் எப்பவோ மன்னிச்சுட்டேன்" என்று சொல்லி, டப்பாவை மூடிவிட்டு, தவிட்டை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குள் போனேன்.