நெஞ்சுச் சளிக்குச் சீனிக் குளிசை

நாட்டில் சண்டை முடிந்த வருடம். களுவாஞ்சிக்குடியில் ஒரு ஹோமியோபதி வைத்தியரின் வாசல் வாங்குப் பலகையில், அலுமாரி நிறையப் புத்தகம் படித்தும் நெஞ்சுச் சளியை வெல்லத் தெரியாத நான் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இரண்டு பெண்கள். மூத்தவள் சொன்னாள்:

“இவர் தந்த சீனிக் குளிசையில இருமல் சுகமாப் போச்சுகா. அதுதான் பயமாக் கிடக்கு.”

“சுகமெண்டா நல்லதுதானே அக்கா?”

“சுகமெண்டு சொன்னா இனி வரவேணாமெண்டிருவார். மற்ற டொக்டர்மார் நாக்க நீட்டச் சொல்லுறதோட சரி. இவர் ஒராள்தான் என்ன கனவு கண்ட, ஏன் அழுத எண்டெல்லாம் கேக்கிற. சுனாமியில என்ர மனிசன் போனதுக்குப் பிறகு வீட்டில என்னோட கதைக்க ஆர் இருக்கா?”

“அப்ப உள்ள போய் இருமுங்க.”

அக்கா அங்கேயே இருமிப் பார்த்தாள்.

“இது தொண்டை இருமல். கண்டுபிடிச்சிருவார். நெஞ்சுக்குள்ள சளி கரகரக்க வேணும்.”

அந்த நேரம் பார்த்து எனக்கு இருமல் வந்தது.

“இந்தா, இந்த ஐயாவப் போல!”

என் வாழ்நாளில் என்னை ஒருவர் முன்மாதிரியாகக் காட்டியது அன்றுதான்.

அக்காவை உள்ளே கூப்பிட்டார்கள். திரைச்சீலைக்கு அப்பால் இருமலே கேட்கவில்லை, மறந்துவிட்டாள் போலும். வைத்தியரின் குரல் கேட்டது.

“இரவில எந்தப் பக்கம் சரிஞ்சு படுக்கிறீங்க?”



“சுவரப் பாத்துத்தான் ஐயா. மற்றப் பக்கம் திரும்பினா மனிசன்ர இடம் சும்மா கிடக்கு.”