ஆள்காட்டி முட்டை நாலு

“...சித்திரை வரைக்கும் இந்தக் கையில பைனாகுலர் இருந்துச்சும்மா. இப்ப பாரு, கோணிப்பை! வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ்ல முப்பத்தோரு வருஷம் ஃபைல் பாத்தவளுக்கு, ரிட்டயர்டானப்புறம் ப்ரமோஷன்!”

ரேணுகாம்பாள் ஏரிக்கரையில் குனிந்து ஒரு தண்ணி பாக்கெட்டை எடுத்துப் பைக்குள் போட்டாள். பக்கத்தில் ஆர்த்தி. இயற்கைச் சங்கத்துக்கு அன்றுதான் முதல்முறையாக வந்திருந்தாள். காலை ஏழு மணியிலிருந்து ‘ஆமாங்க’ தவிர வேறு எதுவும் சொல்ல அவளுக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை.

“நீ எதுக்கு சேந்த? பறவை பாக்கவா? ஆஹா, பாப்பியே! மொதல்ல செடிக்குத் தண்ணி ஊத்தச் சொல்லுவாங்க. அப்புறம் பட்டாம்பூச்சி எண்ணச் சொல்லுவாங்க. அது என்ன ரேஷன் க்யூவுலயா நிக்குது, எண்றதுக்கு? எண்ணினேனே! முப்பத்திநாலுனு எழுதிக்குடுத்தா, செயலாளர் அருள்ராஜ் சார் கேக்குறாரு, ‘ஒரே பூச்சிய எத்தன தடவ எண்ணுனீங்க’னு! வாத்தியார் இல்ல? எதுக்கெடுத்தாலும் ரூல்ஸ். செவப்பு சட்ட போடாத. சத்தமா பேசாத... என்கிட்ட! நான் என்ன ஜாஸ்தியா பேசுறேன்? நீயே சொல்லு... சரி, விடு.

அதுல பெரிய ரூல் ஒண்ணு. முட்டையப் பாத்தா எடத்த வெளிய சொல்லக்கூடாதாம். மொதல்ல பாத்ததே நான்தான், தெரியுமா? அதோ, அந்த மொட்டத் தரையில. ஆள்காட்டிக் குருவி. கூடுனு எதுவும் கெடையாது. கல்லோட கல்லா நாலு முட்டை. சங்கத்துல இருபது பேர் தாண்டிப் போனாங்க, ஒருத்தர் கண்ணுலயும் படல. என் கண்ணுல பட்டுச்சு! அத நாலு பேருக்குச் சொல்லலேன்னா எனக்குச் சோறு எறங்குமா? எங்க வாக்கிங் குரூப்ல போட்டேன். ஃபோட்டோ... லொகேஷனும்தான். நம்ம லேடீஸ்தானேனு.

ஞாயித்துக்கெழம புளிசாதம் கட்டிக்கினு வந்துட்டாங்க. புருஷன், புள்ளைங்க, சம்பந்தி... அறுபது பேரு! கிரிவலமே வந்தாங்கம்மா அந்த முட்டைய! செல்ஃபி வேற. தாய் தலைக்கு மேல கத்திக்கினே சுத்துது, ‘ஐ, பாட்டு பாடுது’ன்றாங்க. அந்த வெயிலுக்கு அது வந்து முட்டைக்கு நெழல் குடுக்கணும், இல்லேன்னா உள்ளயே வெந்துடும். எறங்க வுட்டாத்தானே? பேருதான் அதுக்கு ஆள்காட்டி. காட்டிக்குடுத்தது யாரு?”

கோணிப்பையின் வாயை அவள் முறுக்கினாள். பிறகு பிரித்தாள்.

“எல்லாரும் போனப்புறம் வந்து உக்காந்துச்சும்மா. தெனம் தூர நின்னு பாத்தேன். மூணு வாரம் உக்காந்துச்சு. பொரியல. ஒரு நாள் எழுந்து போயிடுச்சு... அருள்ராஜ் திட்டியிருந்தா, பதிலுக்கு நாலு கேட்டிருப்பேன். அந்தாளு திட்டவே இல்ல. சங்கத்து பைனாகுலர நானே கழட்டிக் குடுத்துட்டேன்.”

அந்த நேரம் பார்த்து, கரைக்குக் கீழே புதரோரமாக ஓர் ஆள்காட்டி விருட்டென்று எழும்பிக் கத்தியது. ஆர்த்தி செல்போனை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் இரண்டு அடி வைத்தாள்.

அங்கே மூன்று முட்டைகள் இருப்பதை ரேணுகாம்பாள் புதன்கிழமையே பார்த்திருந்தாள். அருள்ராஜிடம்கூடச் சொல்லவில்லை.

“அங்க ஒண்ணுமில்லம்மா,” என்றாள். “வா, இந்தப் பக்கம்தான் குப்பை ஜாஸ்தி.”

அதற்கப்புறம் மதகு வரும்வரை அவள் வாயே திறக்கவில்லை.