எந்தக் கோடும் போய்ச் சேராத துளை

2003ஆம் ஆண்டு ஜூலை மாதம் 18ஆம் தேதி, உத்திரமேரூர் காவல் நிலையத்தில், ஆய்வாளர் கேட்க, தலைமைக் காவலர் சின்னராசு எழுதிக்கொள்ள, நான் சொன்னதாவது:

என் பெயர் ஆதிலட்சுமி. வயது எழுபத்தொன்று. காலஞ்சென்ற பஞ்சாட்சரம் அவர்களின் மனைவி. பஜார் தெருவுக்குப் பின்னால் சொந்த வீட்டில் வசிக்கிறேன். தொழில் இல்லை என்று எழுதியிருந்ததை அடிக்கச் சொல்லி, சொந்த நிலத்தில் பயிர் வைக்கிறேன் என்று எழுத வைத்தேன். செங்கல்பட்டில் கன்னியர் நடத்திய பள்ளியில் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள். ஆங்கிலம் படிப்பேன்.

மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கும் சுகுமார், தான் வரைந்த சர்க்யூட் போர்டைத் தன் கடையில் வேலை செய்த புஷ்பா திருடிவிட்டதாகப் புகார் கொடுத்திருப்பது எனக்குத் தெரியும். புஷ்பா ஏரிக்கரைக் குடியிருப்பைச் சேர்ந்த பச்சையம்மாளின் மகள். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்தவர். வழக்கு பதிவானால் அந்தப் பெண்ணுக்கு இனி யாரும் வேலை கொடுக்க மாட்டார்கள்.

சென்ற ஆண்டு என் கிணற்று மோட்டார் புகைந்துபோக, சரிசெய்ய வந்த புஷ்பா, மூன்று பேஸ் கரண்டில் ஒரு பேஸ் போனதும் மோட்டாரைத் தானே நிறுத்தும் பெட்டி ஒன்றைச் செய்ய முடியும், ஆனால் அதற்குள் வைக்கும் போர்டை வரையக் கம்ப்யூட்டர் இல்லை என்றார். என் மகன் ஹரி வெளிநாடு போகும்போது விட்டுச் சென்ற கம்ப்யூட்டர் துணி போர்த்தியபடி கிடந்தது. அதன் பிறகு மாலைகளில் புஷ்பா என் வீட்டுக்கு வந்து அதில் வரைந்தார். தாளில் போட்ட படத்தை விட்டுக் கண்ணெடுக்க முடியாததால், திரையின் அடியில் பொடி எழுத்தில் வருவதை நான் பக்கத்தில் உட்கார்ந்து படித்துச் சொன்னேன்.

போர்டு வரையும் சாஃப்ட்வேரில் கோடு போடச் சொன்னால் அது உடனே போட்டுவிடாது. தொடங்கும் இடத்தைக் காட்டு என்று ஆங்கிலத்தில் கேட்கும். மவுஸை நகர்த்தி ஓரிடத்தில் அழுத்தினால், அந்த இடம் குறுக்கே எவ்வளவு, மேலே எவ்வளவு என்று இரண்டு எண்களாகக் குறித்துக்கொண்டு, முடியும் இடத்தைக் காட்டு என்று அடுத்துக் கேட்கும். பாகங்களின் கால் நுழையும் துளை என்றாலும் அப்படியே. காட்டும்வரை அவசரப்படாமல் நிற்கும்.

முதல் நாள், துளை எங்கே என்று அது கேட்டபோது, புஷ்பா மவுஸை என் பக்கம் தள்ளி, மொத புள்ளி நீங்க வைங்கம்மா என்றார். நான் மறுத்தேன். என் கணவர் போன பிறகு எந்த நல்ல காரியத்துக்கும் முதல் கை வைக்க என்னை யாரும் கூப்பிட்டதில்லை. நானும் போய் நின்றதில்லை. ஆரம்பிக்கிற வேலைக்கு என் கை வேண்டாம் என்று சொன்னேன். அதற்குப் புஷ்பா, "இன்னாமா நீங்க! அது எவ்ளோ நேரமா எங்கன்னு கேட்டுக்கினு கீது. கை யாருதுன்னா கேக்குது? எடத்ததான கேக்குது. காட்டுங்க" என்றார். வேலைக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாதென்று இடதுபுறம் கீழ் மூலையில் அழுத்தினேன். துளை விழுந்தது.

அதன் பிறகு வரைந்து முடித்தபோது எல்லாத் துளைகளுக்கும் கோடு வந்தது, அந்த ஒன்றுக்கு வரவில்லை. அழித்துவிடும்படி சொன்னேன். "அது பாட்டுக்கு இருந்துட்டுப் போவட்டும், யாரையும் கடிக்காது" என்று புஷ்பா சொல்லிவிட்டார்.

அதன் பிறகு சென்னையில் கொடுத்துச் செய்த முதல் போர்டை, கடையில் வைத்து விற்பீர்களா என்று கேட்டுப் புஷ்பா தன் முதலாளியான சுகுமாரிடம் கொடுத்தார். சில நாள் வைத்திருந்துவிட்டு, இதெல்லாம் ஓடாது என்று சுகுமார் என் வீட்டு வாசலில் வைத்துத் திருப்பிக் கொடுத்ததை நேரில் பார்த்தேன். புஷ்பா வேலையை விட்டுத் தானே பெட்டி செய்து விற்கத் தொடங்கிய பிறகுதான் இந்தப் புகார் வந்தது.

இன்று காலை புஷ்பாவையும் கம்ப்யூட்டரையும் நிலையத்துக்குக் கொண்டுவந்த பின் என்னை அழைக்க ஆள் வந்தது. பச்சையம்மாள் வெளியே வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். புஷ்பா உள்ளறையில் இருந்ததால் நான் அவரைப் பார்க்கவில்லை, பேசவுமில்லை. ஆய்வாளர் மேசைமேல் சுகுமார் தான் வரைந்தது என்று கொடுத்த போர்டு ஒன்றும் புஷ்பாவின் போர்டு ஒன்றும் இருந்தன. இரண்டிலும் அந்த மூலைத் துளை இருந்தது. ஆய்வாளர் அதைக் காட்டி, இது எதற்கு என்று கேட்டார். எதற்கும் இல்லை, நான் வைத்தது என்று, மேலே எழுதியபடி சொன்னேன். ஆய்வாளர் தலைமைக் காவலரைப் பார்த்தார். தலைமைக் காவலர், "காத்தால அந்தப் பொண்ணும் இத்தத்தான் சொல்லிச்சு சார், அம்மா வெச்ச புள்ளின்னு. வெளையாடுதுன்னு நான் எழுதல" என்றார்.

அதன் பிறகு சுகுமாரை அழைத்து அதே கேள்வியைக் கேட்டார்கள். ஸ்க்ரூ போடுவதற்கு என்றார். தலைமைக் காவலர் போர்டு பொருத்தும் பெட்டியின் ஸ்க்ரூவை அந்தத் துளையில் வைத்துப் பார்த்தார். நுழையவில்லை. அதற்கு சுகுமார், "ஓட்ட கெடக்குது சார். எலி புடிக்கிற ஜனம் போர்டு வரஞ்சிச்சாம், பெரியம்மா சாட்சியாம்!" என்றார். இது முதலில் எழுதப்படாமல் விடப்பட்டது. சொன்னவர் சொன்னபடியே எழுத வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டதால் இங்கே எழுதப்பட்டது.

அதன் பிறகு சுகுமாரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, ஆய்வாளர் பச்சையம்மாளை உள்ளே விடச் சொன்னார். புஷ்பா உள்ளறையிலிருந்து வந்து என் பக்கத்தில் நின்றார். சாப்பிட்டாயா என்று கேட்டேன். இல்லை என்றார். பிறகு, இந்தத் துளையால் இவ்வளவு பேஜாரா, இனி வரும் போர்டிலாவது எடுத்துவிடலாமா என்று ஆய்வாளர் சிரித்துக்கொண்டே கேட்டார். எடுக்க மாட்டேன் என்று புஷ்பா சொன்னார். இந்த முறை நான் அழிக்கச் சொல்லவில்லை.

நான் புஷ்பாவுக்கு அடைக்கலம் கொடுத்ததாக ஓரிடத்தில் எழுதியிருந்தது. அது தவறு. அவர் வேலை செய்தார், நான் படித்துச் சொன்னேன் என்று திருத்தினேன். மற்றவற்றை நானே கண்ணாடி போட்டு வரிவரியாகப் படித்துப் பார்த்தேன். நான் சொன்னதுதான் இதில் இருக்கிறது. சொன்னவை யாவும் உண்மை.

(ஒப்பம்)
பஞ். ஆதிலட்சுமி