தேவாரம் படிக்கிற கண்ணாடி

– முப்பது தரம் எறிஞ்சாச்சு, சுபாங்கன் அண்ணை. வல்லைப் பாலத்துக்குக் கீழை கிடந்த பிளாஸ்ரிக் போத்தில் எல்லாத்தையும் தனியாளா இழுத்துத் துப்பரவாக்கிப் போட்டியள். போவமோ?

– முப்பத்தொண்டாவது தரம் எறியப்போறன் றெஜி. ஓட்டோவைத் திருப்பாதையும்.

– உங்கடை போன் என்ன சொல்லுது?

– நேர கீழை மீன் நிக்குதெண்டு காட்டுது. கனடாவிலை இருந்து கொண்டந்த கருவி, பிழைக்காது.

– போன் மீனைக் கண்டிட்டுது. மீன்தான் உங்களைக் கணக்கெடுக்கேல்லைப் போலை.

– நக்கலோ?

– சத்தியமா இல்லை. புதன்கிழமை பண்ணைப் பாலம், நேற்றுப் பொன்னாலை, இண்டைக்கு வல்லை. பேசாமல் அந்த ஹோட்டல்காரற்றை வள்ளத்திலை போயிருக்கலாம். அவங்களே எறிஞ்சு, அவங்களே இழுத்து, மீனை உங்கடை கையிலை தந்து படமும் எடுத்து விடுவாங்கள்.

– அறுபதாயிரம் குடுத்து, ஆரோ பிடிச்ச மீனோடை நிண்டு பல்லைக் காட்டவோ? அது என்ரை சகலன் செய்த வேலை. லண்டன் டொக்டர். எனக்கு வேண்டாம். ஒரு மீன். என்ரை கையாலை. செலவில்லாமல், கரையிலை நிண்டு. நாளைக்குப் பின்னேரம் கொழும்புக்கு வான் வெளிக்கிடுது, அதுக்கு முதல்.

– ஒரு மீனுக்கு ஏன் அண்ணை இவ்வளவு வைராக்கியம்?

– கலியாணம் முடிச்சுப் பதினொரு வருஷம் றெஜி. மாமா இண்டைக்கும் என்னைப் பாக்கிறது சோதினையிலை கோட்டை விட்ட பெடியனைப் பாக்கிற மாதிரித்தான். பள்ளிக்கூட அதிபரா இருந்த நமசிவாயமெல்லே! திங்கக்கிழமை சாப்பாட்டு மேசையிலை வாயை வைச்சுக்கொண்டு இருக்கேலாமல் சொல்லிப் போட்டன், கனடாவிலை லீவு நாளிலை மீன் பிடிக்கப் போறனான் எண்டு. மனுசன் சோத்திலை இருந்து கையை எடுத்திட்டார். ‘உரும்பிராயிலை எங்கடை பகுதியிலை தூண்டில் தூக்கினவன் ஒருத்தனும் இல்லை தம்பி. அதுக்கு வேறை ஆக்கள் இருக்கினம்.’

– அந்த வேறை ஆக்கள் நாங்கள்தான். குருநகர் மீன்பிடிச் சனம்.

– குறை நினையாதையும் றெஜி.

– நான் ஏன் நினைக்கிறன்? பிறகு என்ன சொன்னவர்?

– ‘அதுக்கும் ஒரு கெட்டித்தனம் வேணும், உம்மாலை ஏலாது.’ எல்லாருக்கும் முன்னாலை! ஆரணி, என்ரை மனுசி, தலையைக் குனிஞ்சுகொண்டு இருந்தவள். நாளைக்கு மத்தியானம் அதே மேசையிலை நான் பிடிச்ச மீன் இருக்கவேணும். அதுக்குத்தான் தூண்டில் தடியை வேட்டிக்குள்ளை சுத்திக்கொண்டு களவா வெளிக்கிட்டனான்.

– பெரியவர் காணேல்லையோ?

– இண்டைக்கு வெள்ளியெல்லே. விடிய முதலே சந்நிதி கோயிலுக்குப் போட்டார். பென்சன் எடுத்துப் பன்னிரண்டு வருஷமா ஒரு வெள்ளியும் தவறேல்லையாம். கேற்றடியிலை மாமிதான் மறிச்சவ. வல்லைப் பக்கம் போறன் எண்டன். ‘அப்ப நல்லதாப் போச்சு. மாமா கண்ணாடியை விட்டிட்டுப் போட்டார், தேவாரம் படிக்கவேணும், கண்டால் குடுங்கோ’ எண்டு இந்தக் கூட்டைத் தந்துவிட்டவ. என்ன, இருமிறீர்?

– வல்லை வெளிக் காத்து அண்ணை.

– அது கிடக்கட்டும். கோயிலுக்கு அங்காலை, தொண்டைமானாத்துக் கரையிலை ஒரு இடம் இருக்காம். சனமில்லை, காசில்லை, ஒட்டி மீன் அள்ளலாமாம். நேற்றுப் பொன்னாலையிலை ஒரு கிழவர் சொன்னவர். அங்கை விடும்.

– அங்கை வேண்டாம்.

– ஏன்?

– பாம்பு.

– உமக்குத் தெரிஞ்ச பாம்போ?

– நேவிக்காரரும் மறிப்பினம்.

– அந்தக் காம்ப் எடுத்து எத்தினை வருஷம்? உண்மையைச் சொல்லும்.

– அங்கை ஒராள் இருப்பார். பெரிய மனுசன். கரை தன்ரையெண்டு நினைப்பு.

– ஆத்தங்கரை ஆற்றை அப்பன் வீட்டுச் சீதனம்? நான் கதைக்கிறன் அவரோடை.

– கதைப்பியள்தானே? பிறகு றெஜி ஏன் சொல்லேல்லையெண்டு கேக்கக்கூடாது.

– ஓட்டோவை எடும்!

– தொண்டைமானாத்துக் கரை வந்திட்டுது, இறங்குங்கோ அண்ணை; அந்தா, நான் சொன்ன ஆள் முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கிறார்.

– ஆரது, றெஜியோ? பத்து மணிக்கெல்லே வரச் சொன்னனான். வந்தது வந்தாய், காலடிச் சத்தம் போடாதை. ஒட்டிக் கூட்டமொண்டு நிக்குது.

– ஐயா, ஓராளைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறன்.

– ஆரெண்டாலும் தள்ளி இருக்கச் சொல்லு.

– மாமா!

– தம்பியோ! நீர் எங்கை இஞ்சை?

– மாமா, நூல் இழுக்குது.

– ஐயோ, போட்டுது! கடைசித் தூண்டில் முள்ளையும் அறுத்துக்கொண்டு போட்டுது. தம்பி… நான் கோயிலுக்கு வந்தனான். வந்த இடத்திலை சும்மா காத்து வாங்க…

– விரலிலை தங்கூசி நூலைச் சுத்திக்கொண்டோ?

– உமக்கு வாய் கூடிப் போச்சு.

– ‘எங்கடை பகுதியிலை தூண்டில் தூக்கினவன் ஒருத்தனும் இல்லை.’

– இல்லைத்தானே. நான் தடி பாவிக்கிறேல்லை. வெறும் நூல்.

– சரி, பிடிக்கிற மீன் எங்கை போகுது?

– றெஜி கொண்டு போவான். சனிக்கிழமை விடிய அவன்ரை தமையன் சைக்கிளிலை கட்டிக்கொண்டு எங்கடை கேற்றடிக்கு வருவான். மாமி விலை பேசி வாங்குவா.

– அப்ப போன சனிக்கிழமை நான் மூண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்ட ஒட்டிக் குழம்பு?

– நல்லாத்தானே இருந்தது.

– றெஜி, நீரும் உடந்தை!

– பாம்பெண்டு சொன்னன் அண்ணை. கேட்டியளோ?

– மாமிக்குத் தெரியுமோ, மாமா?

– உம்மடை மாமி பராசக்திக்கோ? மூச்சு விடாதையும்! அவளுக்கு நான் வெள்ளியிலை பச்சைத்தண்ணி குடியாமல் தேவாரம் படிக்கிற மனுசன். தம்பி, இப்பிடிச் செய்வம். இந்தக் கல்லிலை இரும். நூலை எப்பிடி விடுறதெண்டு காட்டுறன், மீனை நீர் பிடியும். நாளைக்கு மேசையிலை ‘மருமோன் கெட்டிக்காரன்’ எண்டு எல்லாருக்கும் முன்னாலை நான் சொல்லுறன். நீர் என்னைக் கண்டது கோயிலிலை.

– நான் பிடிச்சால்தான் சொல்லவேணும். பிடியாட்டில் வேண்டாம்.

– அடேயப்பா! சரி. நல்ல இறால் இருக்கு. முள்ளுத்தான் இல்லை. உம்மட்டை இருக்கோ?

– இருக்கு மாமா. கனடாவிலை வாங்கினது, பிளாஸ்ரிக் மீனோடை.

– முள்ளோ, நங்கூரமோ உது? கப்பலைக் கட்டவோ போறீர்? உள்ளை வையும்.

– அட, மறந்தே போனன். மாமி உங்கடை கண்ணாடியைத் தந்துவிட்டவ.

– கண்ணாடி என்ரை மூக்கிலை கிடக்குது தம்பி.

– அப்ப கூட்டுக்குள்ளை கிலுங்கிறது என்ன?

– திறவும் பாப்பம்.

– தூண்டில் முள்ளு, மாமா. பத்துப் பன்னிரண்டு. ஒட்டிக்கெண்டே அளவு பாத்து வாங்கியிருக்கிறா.