அறுத்த மூடி

குக்கர் மூடியில் ஆவிக்கு இரண்டு வழி உண்டு, ஐயா. பலருக்கு ஒன்றுதான் தெரியும். நடுவில் இருப்பது வெயிட். ஆவி மிஞ்சினால் அதைத் தூக்கி விசிலடித்துக்கொண்டு வெளியேறும். ஓரத்தில் பொத்தான் போல இருப்பது சேஃப்டி வால்வு. நடு ஓட்டை அடைத்துக்கொண்டால், சூட்டில் வால்வின் உள்ளே இருக்கும் மெல்லிய உலோகம் உருகி வழிவிடும். இதைக் காட்டுவதற்காகவே ஒரு மூடியைப் பாதியாக அறுத்துக் கடையில் மாட்டியிருக்கிறேன். சொல்லிக்கொடுப்பதில் எனக்கு அலுப்பே வராது.

எதிர்வீட்டு அக்காவுக்கும் சொன்னேன். ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து ஒவ்வொரு குக்கராகத் திறந்து பார்த்தார். "யோசிச்சுட்டு வரேன் தம்பி" என்று ஒன்றை மட்டும் போட்டோ எடுத்துக்கொண்டு போனார். அந்த வாரமே அதே குக்கர் அட்டைப்பெட்டியில் அவர் வாசலில் வந்து இறங்கியது. கல்லாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அதைத் தூக்கிக்கொண்டு என்னிடமே வந்தார்.

"போன்ல வாங்கிட்டேன்னு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காத தம்பி. ஓரத்துல ஆவி கசியுது. போனா வந்து ரிப்பேர் பண்ணும்?"

"போன் பெத்த பிள்ளைக்கு நான்தான் ஆயா போலிருக்கு," என்றேன். இருவரும் சிரித்தோம்.

ரப்பர் வளையத்தை மாற்றினேன். கசிவு நின்றது. அவர் கேட்காமலே வால்வையும் மாற்றினேன். பார்ப்பதற்கு அசல் மாதிரியே இருக்கும், உருகாது.

என்றாவது நடு ஓட்டை அடைக்கும். மூடி பறக்கும், தெரு கூடும், போனில் வாங்கிய பொருளின் லட்சணம் எல்லோருக்கும் தெரியும். அவ்வளவுதான் என் கணக்கு. அடுப்பருகே ஆள் நிற்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை என்று சொல்லத்தான் ஆசை. தோன்றியது. அக்கா நிற்பார் என்று நினைத்தேன்.

அவர் மகள் நின்றாள். இரண்டு கண்ணும் போய்விட்டன.

அறுத்த மூடியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டேன். தெருவில் யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. கடையில் கூட்டம் கூடியிருக்கிறது.

போன மாதம் அக்கா வந்தார். "உங்கிட்டயே வாங்கியிருக்கணும் தம்பி. என் புத்தி, என் பிள்ளை கண்ணைத் தின்னுடுச்சு," என்று அழுதபடியே ஒரு குக்கர் வாங்கிப் போனார். அதன் வால்வைக் கழற்றி, சோதித்து, நானே திரும்ப மாட்டிக் கொடுத்தேன்.

இதையும் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா: என் கடையில் பொருள் வாங்கியவர்களுக்கு என்னால் இதுவரை ஒரு கெடுதலும் வந்ததில்லை.