நாற்பது எழுத்தில் ஓர் அடையாளம்

அர்ஷாக்: திரும்ப ஒருக்கா எண்ணிப் பாருங்க சேர்.

குணரத்தினம்: ஒண்டை எப்பிடித் தம்பி திரும்ப எண்ணுறது? உங்கள் ரெண்டு பேரிட்டையும் ஆளுக்கொரு திட்டம் கேட்டனான். கொம்பியூட்டர்க் கோப்புப் பெட்டகத்துக்குள்ளை ஒண்டுதான் கிடக்கு. ஆரோ ஒராள் போடேல்லை.

ஹுஸ்னியா: நான் போட்டனான். வெள்ளிக்கிழமை, புரியாணி வாறதுக்கு முந்தி.

அர்ஷாக்: நானும் போட்டனான். புரியாணிக்குப் பிறகு.

குணரத்தினம்: அப்ப நடுவிலை புரியாணியோடை சேத்து ஒண்டை விழுங்கிட்டீங்களோ? கடல் வரைபடம் திருத்தத் திருத்த ஒவ்வொரு பதிப்பையும் துலையாமல் வைக்கிற பெட்டகம் கட்டுறம் எண்டு துறைமுகத்துக்குச் சொல்லியிருக்கிறன். எங்கட கோப்பையே துலைச்சுப்போட்டு நிக்கிறம்!

ஹுஸ்னியா: சிரிப்பாத்தான் இருக்கு சேர்.

குணரத்தினம்: மூண்டு மணிக்குச் சிரிக்கமாட்டீங்கள். துறைமுகத்திலயிருந்து பொறியியலாளர் வாறார். திட்டம் அவருக்குப் பிடிச்சா வேலை எங்களுக்கு. எழுதினவருக்கு நிரந்தர நியமனம். மற்றவர்... அதுதான் அண்டைக்கே சொன்னனே.

அர்ஷாக்: மாதம் முடிய வீட்ட போகலாம் எண்டு.

குணரத்தினம்: ஓம்.

அர்ஷாக்: அப்ப உள்ள கிடக்கிறது என்ட கோப்பு.

ஹுஸ்னியா: என்ட கோப்பு, அர்ஷாக் நானா. எனக்கு நிரந்தரம் கிடைச்சிட்டுது எண்டு எங்கட உம்மா தோப்பூர் வரைக்கும் சொல்லி முடிச்சிட்டா. இனி இல்லையெண்டு சொல்ல ஏலாது.

அர்ஷாக்: நான் இன்னும் வீட்ட சொல்லல்ல. சொன்னாலும் நம்பமாட்டாங்க.

குணரத்தினம்: ஒரு பேரை எழுதியிருந்தா இந்தக் கரைச்சல் வருமே?

ஹுஸ்னியா: பேர் போட வேணாம், பக்கம் சாராமப் பாப்பன் எண்டது நீங்கதானே சேர்.

குணரத்தினம்: சரி. ஆர் போட்டது எண்டு பெட்டகம் காட்டாதோ?

அர்ஷாக்: அந்தப் பகுதியை அடுத்த மாசம் செய்வம் எண்டதும் நீங்கதான்.

குணரத்தினம்: நீங்கள் எப்ப இருந்து என்ர கதையை இவ்வளவு கவனமாக் கேக்கிறனீங்கள்? சரி, எழுதினவருக்கு எழுதினது தெரியும்தானே. பிள்ளை, நீங்கள் சொல்லுங்கோ. கோப்புகளுக்கு ஒண்டு, ரெண்டு, மூண்டு எண்டு இலக்கம் போட்டா என்ன?

ஹுஸ்னியா: ரெண்டு படகு ஆழம் அளக்கப் போகுது. கடலுக்க சிக்னல் இல்ல. ரெண்டு படகிலயும் வரைபடத்தைத் திருத்தி, அம்பத்தெட்டு எண்டு இலக்கம் போட்டுக்கொண்டு கரைக்கு வாறாங்க. எது சேர் அம்பத்தெட்டு?

குணரத்தினம்: பாத்தீங்களோ! அப்ப என்ன செய்யிறது?

அர்ஷாக்: அதை நான் சொல்றன். உள்ளுக்க இருக்கிற எழுத்து எல்லாத்தையும் கணக்கில போட்டு, நாப்பது எழுத்தில ஒரு அடையாளம் எடுக்கிறது. அதுதான் கோப்புக்குப் பேர். ஆரிட்டயும் இலக்கம் கேக்கத் தேவையில்ல. உள்ளுக்க ஒரு கமா மாறினாலும் அடையாளம் முழுசா மாறும்.

ஹுஸ்னியா: அது என்ட ரெண்டாம் பக்கம்!

அர்ஷாக்: என்ட ரெண்டாம் பக்கமும் அதுதான்...

குணரத்தினம்: பொறுங்கோ, பொறுங்கோ. ரெண்டு பேருக்கும் ஒரே ரெண்டாம் பக்கமோ?

அர்ஷாக்: படிச்ச ஆக்கள் ஒரே மாதிரித்தானே சேர் யோசிப்பாங்க.

குணரத்தினம்: மூண்டாம் பக்கத்திலை என்ன?

அர்ஷாக்: மூண்டாம் பக்கம்... அது கொஞ்சம் நீளம்.

ஹுஸ்னியா: எனக்கு மூண்டாம் பக்கம் வர, தேத்தண்ணியும் வந்திட்டுது.

குணரத்தினம்: நான் வாசிக்கிறன், கேளுங்கோ. "ஒரே உள்ளடக்கம் இருமுறை வந்தால் அடையாளமும் ஒன்றாகவே இருக்கும். எனவே பெட்டகம் ஒன்றை மட்டுமே வைத்திருக்கும். இரண்டாவதாகப் போட்டவருக்கு எதுவும் அறிவிக்கத் தேவையில்லை."

ஹுஸ்னியா: அப்ப நாங்க ரெண்டு பேரும் போட்டது ஒரே கோப்பா?

குணரத்தினம்: எங்கட வெள்ளோட்டப் பெட்டகத்திலை இந்த முறையைப் போட்டது ஆர்?

அர்ஷாக்: நான்தான் சேர். சும்மா... ஓடுதா எண்டு பாக்க.

குணரத்தினம்: நல்லா ஓடுது. உங்களை நீங்களே பிடிச்சுக் குடுத்திருக்கிறீங்கள்.

ஹுஸ்னியா: நானா, நீங்க எங்க இருந்து எடுத்தீங்க?

அர்ஷாக்: முதல்ல நீங்க சொல்லுங்க.

ஹுஸ்னியா: ...மூலையில இருக்கிற பழைய கொம்பியூட்டர்ல.

அர்ஷாக்: "தனிப்பட்டது, தொடவேண்டாம்" எண்டு இருந்த போல்டர்?

ஹுஸ்னியா: அப்பிடிப் பேர் வைச்சா ஆரால தொடாம இருக்க ஏலும்? "பழைய ரசீதுகள்" எண்டு இருந்தா நான் திரும்பியும் பாத்திருக்கமாட்டன்.

அர்ஷாக்: நான் உங்களைப் பத்தி சேர் ஏதும் எழுதியிருக்காரா எண்டுதான் திறந்தனான்.

ஹுஸ்னியா: நான் உங்களைப் பத்தி.

குணரத்தினம்: அது என்ர கொம்பியூட்டர்.

ஹுஸ்னியா: ஓம் சேர். உங்கட போல்டர், உங்கட திட்டம். மன்னிச்சுக்கொள்ளுங்க. ஆனா நல்லா எழுதியிருக்கிறீங்க.

அர்ஷாக்: இண்டைக்குக் காலம முதல் பக்கத்தை வாசிச்சிட்டு, "ஆஹா, என்ன தெளிவான மூளை" எண்டு எங்களுக்குக் கைகூடத் தட்டினீங்க. உங்கட எழுத்து உங்களுக்கே பிடிபடல்லயா சேர்?

குணரத்தினம்: அது... எழுதிக் கனகாலம்.

ஹுஸ்னியா: நாங்க மேசையை ஒதுக்கிப்போட்டு வெளிக்கிடுறம். மூண்டு மணிக்கு நீங்களே விளங்கப்படுத்துங்க. எழுதினவர் சொன்னாத்தான் வடிவு.

குணரத்தினம்: இருங்கோ பிள்ளை. ஒருத்தரும் எங்கயும் போகத் தேவையில்லை. தம்பி, ஒரு கமா மாறினாலும் அடையாளம் மாறும் எண்டனீங்கள்?

அர்ஷாக்: முழுசா மாறும்.

குணரத்தினம்: அப்ப கெதியா ஒரு கமாவை மாத்துங்கோ.

அர்ஷாக்: இங்க மாத்தி என்ன சேர்? கோப்பையும் அடையாளத்தையும் அந்தப் பொறியியலாளருக்குக் காலமயே அனுப்பிட்டீங்களே. அதோட, சொந்த எழுத்தை ஏன் மாத்தோணும்?

ஹுஸ்னியா: சேர், ஃபேன் சுத்துது, உங்களுக்கு ஏன் இப்பிடி வேர்க்குது? மூண்டு மணிக்கு வாற ஆளை உங்களுக்குத் தெரியுமா?

குணரத்தினம்: கொழும்பிலை எனக்குப் பக்கத்து மேசை. வேலையை விட்டு நான் வெளிக்கிடேக்கை அவர்ட கோப்பு ஒண்டும் என்னோடை வந்திட்டுது... ஆர் எழுதினது எண்டு கேட்டா, ரெண்டு பேரும் சேந்து எழுதினனீங்கள் எண்டு சொல்லுங்கோ பிள்ளையள். நிரந்தர நியமனம் ரெண்டு பேருக்கும்.