கூடுதலாக வெட்டிய சாவி

மேடையில் வீற்றிருக்கும் போதகர் ஐயா அவர்களே, சபை மூப்பர்களே, துணையை இழந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அம்மா அவர்களே, மகளே, மருமகனே, கண்ணாடிக்கடை மூப்பரை அடக்கம் செய்து பத்து நாளாகியும் மனம் ஆறாமல் மறுபடி கூடியிருக்கும் சபையாரே, கடைத்தெருச் சகோதரர்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய நான்கு பேரும் நன்றாகப் பேசினார்கள். எனக்கு அப்படி வராது. எனக்குப் பயமாக இருக்கிறது. மைக்கைப் பிடித்த கை நடுங்குவது பின்வரிசைக்குத் தெரியாது, முன்வரிசைக்குத் தெரியும். துக்கத்தில் நடுங்குகிறான் பாவம் என்று அம்மா நினைக்கிறார்கள். பயத்தில் நடுங்குகிறேன் அம்மா. பூட்டுக்கடைக்காரனுக்கு இங்கே என்ன பயம்? சொல்லிவிட்டுத்தான் உட்காருவேன். அதுவரை யாரும் நேரமாகிவிட்டது என்று துண்டுச்சீட்டு அனுப்பாதீர்கள்.

நம் மூப்பர் யார்? வாரம் முழுக்க மூக்குக்கண்ணாடி விற்றவர். சனிக்கிழமை பிற்பகலில் கடையின் பின்னறையில் ஆறு நாற்காலி போட்டு, தோற்றுப்போனவர்களோடு உட்கார்ந்தவர். குடியை விட முடியாதவர்கள், நாக்கை அடக்க முடியாதவர்கள், பெண்டாட்டி மேல் கை நீட்டாமல் இருக்க முடியாதவர்கள். பதினெட்டு வருடம்! ஒரு சனிக்கிழமை தவறியதுண்டா? சொந்த மகளின் கல்யாண விருந்திலிருந்து நழுவி வந்து அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போன மனிதர். அதற்கு அம்மா அவரிடம் ஒரு மாதம் சரியாகப் பேசவில்லை என்று கேள்வி.

அந்த அறையில் ஒரே ஒரு சட்டம்தான் இருந்தது. யாரும் சபதம் எடுக்கக் கூடாது. 'இனிமேல் இதைச் செய்யவே மாட்டேன்' என்று யாராவது ஆரம்பித்தால் மூப்பர் கையை உயர்த்தி நிறுத்திவிடுவார். செய்ததைச் சொல், செய்யப்போவதை ஆண்டவரிடம் விடு என்பார். ரொட்டிக்கடை அண்ணன் இங்கே இருக்கிறார், அவரிடம் கேட்டுக்கொண்டுதான் சொல்கிறேன். கோபத்தை அடக்க நாற்பது நாள் உபவாசம் இருந்தார். நாற்பத்தோராம் நாள் காலையில் வீட்டுக் கதவையே உதைத்து உடைத்தார். கதவைச் சரிசெய்தது நான்தான். மூப்பர் திட்டவில்லை. நாற்பது நாள் உங்களைப் பட்டினி போட்டீர்கள், கோபத்துக்கு மட்டும் வேளாவேளைக்குப் பரிமாறியிருக்கிறீர்கள் என்றார். அண்ணனே சிரித்துவிட்டார். பிறகு அழுதார்.

எந்த டாக்டரும் தன் கண்ணுக்குத் தானே பவர் பார்த்துக்கொள்ள முடியாது, இன்னொருவர் முன்னால் போய் உட்கார்ந்துதான் ஆகவேண்டும் என்பார் மூப்பர். பாவமும் அப்படித்தான், நம் பலத்தால் நம்மைச் சரிசெய்ய முடியாது, சிலுவையில் இயேசு செய்து முடித்ததை வெறுங்கையோடு வாங்கிக்கொள்ளத்தான் முடியும், அதற்குப் பெயர்தான் கிருபை என்பார். நூறு தடவை கேட்டிருக்கிறேன். தலையாட்டியிருக்கிறேன். புரிந்ததா? இந்தப் பத்து நாளில்தான் எனக்கே தெரிந்தது, புரியவில்லை.

இனிமேல்தான் பயம். தயவுசெய்து பொறுமையாகக் கேளுங்கள்.

இந்த ஊரில் சாவியைத் தொலைத்துவிட்டு என்னைக் கூப்பிடாத வீடு குறைவு. திறந்து கொடுப்பேன், புதுச்சாவி வெட்டிக் கொடுப்பேன். ஒரு காலத்தில் சில வீடுகளுக்குக் கூடுதலாக ஒன்று வெட்டி நான் வைத்துக்கொண்டேன். வீட்டுக்காரர்கள் வேலைக்குப் போன பிறகு திறந்து உள்ளே போவேன். நாற்காலியில் உட்காருவேன். சுவரில் இருக்கும் குடும்பப் படங்களைப் பார்ப்பேன். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து, கழுவிக் கவிழ்த்துவிட்டுப் பூட்டிக்கொண்டு வருவேன். ஏன்? எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

விடப் பார்க்காமல் இல்லை. சாவிகளைச் சுத்தியலால் நசுக்கினேன். ஆற்றில் எறிந்தேன். வேதாகமத்தின் கடைசித் தாளில் சபதம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒரு தடவையா? ஏழு தடவை! ஏழு கையெழுத்தும் வரிசையாக அங்கே இருக்கிறது. அதிகம் தாங்கிய சபதம் பதினொரு நாள்.

ஆறு வருடத்துக்கு முன் அந்தப் பின்னறையில் மூப்பரிடம் மட்டும் சொன்னேன். எதையும் எடுக்கவில்லை ஐயா என்று நியாயம் வேறு பேசினேன். அவர் கையில் இருந்த கண்ணாடியை வெகுநேரம் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"எங்க வீட்டுச் சாவியும் இருக்கா?" என்று கேட்டார்.

இருக்கிறது என்றேன். அவர் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். அவரும் பயந்தார், மனிதர்தானே.

"எடுக்கலன்னு சொல்லாதீங்க. அவங்க நிம்மதிய எடுத்திருக்கீங்க, அவங்களுக்கே தெரியாம."

அன்றைக்கு என்னைத் துரத்தவில்லை. என்னோடு முழங்காலில் நின்றார். அடுத்த சனிக்கிழமை எனக்கும் நாற்காலி போட்டிருந்தார். இருந்த சாவிகளையெல்லாம் அவரிடமே கொடுத்தேன். ஒருநாள் அந்தந்த வீட்டாரிடம் நீங்களே சொல்லவேண்டும், சொல்லும்போது பக்கத்தில் நான் நிற்பேன் என்றார். நான்தான் அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். அந்த ஆறு வருடத்தில் ஒரு சாவிகூடக் கூடுதலாக வெட்டவில்லை. எப்படி நடந்தது? நான் ஒன்றும் செய்யவில்லை, தோற்றுத் தோற்றுப் போய் உட்கார்ந்தேன், அவ்வளவுதான்.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் பலர் என் கையைப் பிடித்தீர்கள். அடுத்த மூப்பர் நீங்கள்தான், பழுதில்லாத மனிதர் என்றீர்கள். எனக்கு இனித்தது. ஆமாம், ஆறு வருடமாக ஜெயித்தவன் நான்தானே என்று எனக்கு நானே மாலை போட்டுக்கொண்டேன்.

மூன்றாம் நாள் அம்மா கூப்பிட்டார்கள். ஆஸ்பத்திரியில் மூப்பரின் சட்டைப்பையிலிருந்த வீட்டுச்சாவி காணாமல் போய்விட்டது, புதுச்சாவி வேண்டும் என்றார்கள். கடைக்கு வந்து வெட்டினேன். வெட்டி முடித்தபோது மேசைமேல் இரண்டு கிடந்தன.

போன வியாழக்கிழமை பகலில், அம்மா மகள் வீட்டுக்குப் போயிருப்பார்கள் என்று நினைத்து, அந்த வாசலில் நின்று சாவியை உள்ளே விட்டுத் திருப்பினேன். உள்ளே இருமல் சத்தம் கேட்டது. ஓடிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அம்மா எல்லோரிடமும் சொன்னார்கள், ஞாபகம் இருக்கிறதா? யாரோ கதவைத் திறக்கப் பார்த்தார்கள், அதிலிருந்து தூக்கமே இல்லை என்று. நேற்று எனக்கு போன் செய்தார்கள். இன்னொரு பூட்டும் போட்டுத் தரச் சொன்னார்கள்.

"நம்பிக் கூப்பிட எனக்கு உங்கள விட்டா யார் தம்பி இருக்காங்க?" என்றார்கள்.

அம்மா, அந்த ஆள் நான்தான்.

இதைத் தெரிந்த ஒரே மனிதர் மண்ணுக்குள் போய்விட்டார். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்குத் தெரியும்? வருகிற வழியெல்லாம் அதைத்தான் யோசித்தேன். பக்கத்தில் நிற்பேன் என்றவர் இல்லை. இதோ, அந்தச் சாவியை மேசைமேல் வைக்கிறேன். மருமகன் வந்து எடுத்துக்கொள்ளட்டும். சபையாரே, இன்றைக்கே உங்கள் பூட்டுகளை மாற்றுங்கள். வேறு ஆளை வைத்து மாற்றுங்கள். போலீஸுக்குச் சொல்ல நினைப்பவர்கள் சொல்லுங்கள், நான் எங்கும் போகமாட்டேன். என் கடை இனி என்ன ஆகும், என் வீட்டுக்காரி கடைசி வரிசையிலிருந்து எழுந்து வெளியே போகிறாளே, அவள் இனி என்னோடு பேசுவாளா, ஒன்றும் தெரியவில்லை.

இரங்கல் கூட்டத்தில் கடைசியாக உறுதிமொழி எடுப்பது முறை. அன்னாரின் பணியைத் தொடர்வேன் என்று நானும் சொல்லவேண்டும். என்னால் முடியாது. நாளைக் காலையில் என் கை என்ன செய்யும் என்று எனக்கே தெரியாது. ஏழு கையெழுத்துப் போட்டவன் எட்டாவதை உங்களிடம் நீட்டினால் நம்பாதீர்கள். கர்த்தர் இரங்கினால்தான் உண்டு. இரங்குவார் என்று மூப்பர் சாகும்வரை நம்பினார். அவர் நம்பினதைப் பிடித்துக்கொண்டுதான் இங்கே நிற்கிறேன்.

சனிக்கிழமை மூன்று மணிக்கு மூப்பரின் கடைப் பின்னறைக்கு வருவேன். யாராவது ஒருவர் வந்து என்னோடு உட்காருங்கள். தனியாக உட்காரப் பயமாக இருக்கிறது.